அத்தியாயம் 6: மேடு, பள்ளம், வெயில்

பழைய கோயில் மண்டபங்களில் தரையைக் குனிந்து பார்த்தால் சில இடங்களில் உளியால் கீறிய கோடுகள் தெரியும். ஒரு முக்கோணம், அதைக் குறுக்கே வெட்டும் கோடுகள். ஆடுபுலி ஆட்டத்துக்கான கட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்குப் பலம், ஆட்டுக்கு எண்ணிக்கை. ஒருவர் காயை நகர்த்திவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் அடுத்தவருக்கு வேலை. அவர் எவ்வளவு நேரம் யோசித்தாலும் ஆட்டம் எங்கேயும் ஓடிப்போகாது. ‘டர்ன் பேஸ்டு’ என்று இன்று பெயர் வைத்திருக்கும் கணினி விளையாட்டுகளின் சங்கதியும் இதேதான்: உன் முறை, என் முறை.

இவற்றையும் போர்க்கருவிகள், கோட்டைகளைப் படம் பிடிப்பதையும் ஏன் ஒரே அத்தியாயத்தில் கட்டிவைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். எனக்கு விளையாட்டு முதலில் வரவில்லை, கேமராதான் வந்தது. செஞ்சிக்கு முதல்முறை போனபோது மதில், வாசல், மண்டபம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முந்நூறு படம். எல்லாம் வெறும் கல். பிறகு இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக அறுகோணக் கட்டங்களில் வீரர்களை நகர்த்தி, மேட்டில் நிற்பவனைக் கீழேயிருந்து அடிப்பது எவ்வளவு பாடு என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். மறுபடி செஞ்சிக்குப் போனபோது மதில் ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. வளைவை மட்டும் எடுத்தேன். பதினோரு படம். அதில் நாலு இன்றும் வீட்டுச் சுவரில் இருக்கின்றன.

எது இலவசம்?

இந்தச் சொல்லில் ஏமாறாதீர்கள். யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று கட்டற்ற மென்பொருளாக விட்டிருப்பவை ஒரு ரகம். நான் இங்கே சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்த ரகம். ஆட்டத்துக்குக் காசு வேண்டாம், கூடுதல் படைகள் வேண்டுமென்றால் கொடு என்பவை இன்னொரு ரகம். அதில் நாணயமானவை உண்டு. வம்பு பிடித்தவை மூன்றாவது ரகம். கோட்டை கட்டி முடிய எட்டு மணி நேரமாகும், அவசரமா, வைரம் வாங்கு என்பார்கள். உத்தி என்ற பெயரில் உங்கள் பொறுமைக்கு விலை பேசும் வியாபாரம் இது. ஆட்டம் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். நீங்கள் ஆட்டத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தெரிந்த அன்றே அதை போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

வெஸ்நாத்தில் தொடங்குங்கள்

புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. டேவிட் வைட் என்பவர் 2003இல் வெளியிட்டது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய மடிக்கணினியே போதும். 2018 முதல் ஸ்டீமிலும் காசில்லாமல் கிடைக்கிறது. எல்ஃப், ஓர்க், குள்ளர், மந்திரவாதி என்று மாயக்கதை வேடம் போட்டிருக்கும். வேடத்தைப் பார்த்துக் குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது சுத்தமான நில அரசியல்.

பயிற்சி ஆட்டத்தை முடித்ததும் ‘இரு சகோதரர்களின் கதை’ என்ற சின்னத் தொடரை எடுங்கள். ‘அரியணையின் வாரிசு’ என்ற புகழ்பெற்ற தொடர் நீளமானது. அதில் முதலிலேயே இறங்கியவர்கள் பாதியில் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் மூன்று விஷயங்கள் பிடிபட்டால் போதும். முதலாவது, பொழுது. ஒரு நாளுக்கு ஆறு முறை: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம். மனித வீரர்களுக்குப் பகலில் பலம் 25 விழுக்காடு கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகளுக்கு நேர்மாறு. சாதாரண ஓர்க் ஒருவன் ஒரு முறையில் இரண்டு வெட்டு, வெட்டுக்கு 9 சேதம் என்ற கணக்கில் அடிப்பான். பகலில் அது 7 ஆகிவிடும், இரவில் 11. இரண்டு வெட்டும் பட்டால் பகலில் 14, இரவில் 22. அதே ஆள், அதே கத்தி. ஆகவே அந்தி சாயும்போது ஓர்க் படை வருகிறதென்றால் வீரம் காட்டாதீர்கள். கிராமத்துக்கோ கோட்டைக்கோ பின்வாங்கி, இரண்டு சாமத்தைத் தாக்குப்பிடித்து, விடிந்ததும் விரட்டுங்கள்.

இரண்டாவது, காலடி மண். அடி படுமா படாதா என்பது அடிப்பவனின் திறமையைவிட அடிவாங்குபவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. காட்டுக்குள் நிற்கும் எல்ஃபை நோக்கி வீசுவதில் பாதிக்கு மேல் வீண். அவனே தண்ணீரில் இறங்கிவிட்டால் பரிதாபம். புதியவர்கள் எதிரியைப் பார்த்து நகர்த்துவார்கள். ஆடிப் பழகியவர்கள் எதிரி எந்தக் கட்டத்தில் நிற்க நேரிடும் என்று பார்த்து நகர்த்துவார்கள். ஆற்றங்கரையில் நீங்கள் நின்றுகொண்டால் அவன் ஆற்றில் நின்றுதான் அடிக்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்துக் கட்டம். எதிரி ஒருவனை ஒட்டிய கட்டத்துக்குள் நுழைந்தால் அந்த முறைக்கு அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இரண்டு வீரர்களை நடுவில் இரண்டு கட்டம் விட்டு நிறுத்தினாலே ஒரே மூச்சில் யாரும் இடையில் புகுந்து போய்விட முடியாது. தோளோடு தோள் சேர்த்துச் சுவர் கட்ட வேண்டியதில்லை.

கூடவே அதிர்ஷ்டத்தோடு சமாதானமாகிவிடுங்கள். நாலு அடி, ஒவ்வொன்றும் பட 40 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நாலும் தவறிப்போக ஏறக்குறைய 13 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எட்டு தடவைக்கு ஒரு தடவை. அந்த ஒரு தடவை வரும்போது கணினி ஏமாற்றுகிறது என்று எல்லோருமே கத்துவோம், நானும் கத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆட்டம் தானாகச் சேமிக்கப்படும். சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் அடி படும்வரை ஆடும் சபலம் வரும். ஒரு களத்துக்கு ஒரே ஒரு தரம் என்று உங்களுக்கே ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்வாங்கக் கற்கவே மாட்டீர்கள். இந்த ஆட்டத்தில் பாதி வித்தை பின்வாங்குவதில் இருக்கிறது.

சில்லறைக் குறிப்பு ஒன்று: சாகப்போகும் எதிரிக்குக் கடைசி அடியைப் புதிய வீரனுக்கு விட்டுக்கொடுங்கள். கொன்றவனுக்கு அனுபவப் புள்ளி நிறையக் கிடைக்கும். அடுத்த படிக்கு ஏறிய இரண்டு பேர் கையில் இருந்தால் அடுத்த களம் பாதி ஜெயித்த மாதிரி.

மற்றவை சுருக்கமாக. நாகரிகத்தையே கட்டி எழுப்பும் ஆசை இருந்தால் ஃப்ரீசிவ் இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 1995இல் தொடங்கி 1996 ஜனவரியில் வெளியிட்டது. மறுநாள் அலுவலகம் இருக்கும் ராத்திரியில் திறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனுக்கு யூனிசிவ்: விளம்பரம் இல்லை, இணையம் வேண்டாம், பேருந்துப் பயணத்துக்கு உகந்தது. பாலிடோப்பியா இரண்டாவது ரகம், சில இனங்களுக்குக் காசு கேட்கும். ஆனால் 30 முறையில் முடியும் ஆட்டவகை ஒன்று அதில் உண்டு, சாப்பாட்டு இடைவேளைக்குள் அடங்கிவிடும். இரண்டாம் உலகப்போர் வரைபடங்கள் பிடிக்குமென்றால் 1994இல் வந்த பான்ஸர் ஜெனரலின் வழியில் எழுதிய எல்ஜெனரல். அதன் தொடர் ஆட்டம் முழுக்க ஜெர்மன் படையின் கண்ணோட்டத்தில் ஓடுவது எனக்கு ஒட்டவில்லை. வரைபடத்துக்காக மட்டும் சில களங்கள் ஆடினேன்.

கேமராவோடு செஞ்சிக்கு

செஞ்சியில் மூன்று குன்றுகள்: மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் மதில் சேர்த்து முக்கோணமாக்கியிருக்கிறது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. அதே கோட்டையை 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. எட்டு வருடம், ஓர் இரவு. இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள். கேமரா எங்கே திரும்ப வேண்டும் என்று தானாகத் தெரியும். 2025 ஜூலையில் மராத்தியப் போர் நிலத்தோற்றங்கள் என்ற தலைப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

முதல் நாள் காலையில் கிருஷ்ணகிரி ஏறுங்கள். இது சின்னக் குன்று. அங்கிருந்து தென்மேற்கே ராஜகிரியைப் பார்க்கும்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். எதிரே பாறையும் மதிலும் மடிப்பு மடிப்பாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் அந்த மடிப்புகள் மெல்ல அழிந்துவிடும், பாறை தட்டையாகிவிடும். வெஸ்நாத்தில் ஓர்க்குக்கு எப்படிப் பகல் ஆகாதோ, கேமராவுக்கு உச்சிவெயில் அப்படி ஆகாது.

அடுத்து, நான் ‘ஜோடிப் படம்’ என்று சொல்லும் பயிற்சி. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைச் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். கோட்டை வாசல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாக்க வருபவன் எங்கே நின்றிருப்பானோ அங்கே போய், முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்து, மேல்நோக்கி ஒரு படம். பிறகு மதில்மேல் ஏற வழியிருந்தால் ஏறி, காவல்காரன் நின்ற இடத்திலிருந்து, நீங்கள் முன்பு நின்ற அதே புள்ளியைக் கீழ்நோக்கி ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாசலுக்கு வரும் பாதை ஏன் நேராக வராமல் சட்டென்று திரும்புகிறது, யானையோ ஆட்களோ ஓடிவந்து மோத ஏன் இடமில்லை என்பதெல்லாம் விளக்கமில்லாமலே தெரியும். தனியாக ஒவ்வொரு படமும் சுமாராகத்தான் இருக்கும். ஜோடிதான் பேசும். இரண்டாவது படத்தில் கீழே ஒரு ஆள் நின்றால் இன்னும் நல்லது. கூடவந்தவரை நிற்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாத கோட்டைப் படத்தில் உயரம் தெரியாது.

ராஜகிரிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அதிகாலையில் தொடங்குவது நல்லது, தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் குறையக்கூடாது. குரங்குகள் உண்டு, கேமரா வார் கழுத்தில் இருக்கட்டும், சாப்பாட்டுப் பை கண்ணில் படாமல் இருக்கட்டும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று வரும். அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களிடம் யாரும் போக முடியாது. அதை மறக்காமல் எடுங்கள். ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

செஞ்சி தூரமென்றால் புதுக்கோட்டைப் பக்கத்தில் திருமயம் இருக்கிறது, குன்றின்மேல் பீரங்கியோடு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கடலைப் பார்த்து நிற்கிறது. கிழக்கு முகம், ஆகவே அதற்கும் காலைதான்.

எஃகும் இறக்கையும்

ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதன்முதலாக வெளிவந்த விஜயந்தா டாங்குகள் ஓய்வு பெற்றபின் நாட்டின் பல ஊர்களில் பீடத்தின்மேல் நிற்கின்றன. பூங்காவோ சதுக்கமோ, உங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று இருக்கலாம். பிரச்சினை நிறம். ஆலிவ் பச்சை இருட்டு, பின்னால் வானம் வெளுப்பு. போனில் எடுப்பவர்கள் டாங்கின்மேல் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்; வானம் வெளுக்காமல் நிற்கும், இருட்டை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். குழாயின் நேர் எதிரே நின்று எடுப்பது எல்லோரும் எடுக்கும் படம், ஒருமுறை எடுத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டுநர் உள்ளே இறங்கும் மூடியைத் தேடுங்கள். இவ்வளவு பெரிய வண்டியில் மனிதனுக்கு விட்ட இடம் எவ்வளவு சின்னது என்று அங்கேதான் புரியும்.

அந்த நெருக்கடியை முழுசாகப் பார்க்க விசாகப்பட்டினம் போக வேண்டும். ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கி 1969இல் கடற்படையில் சேர்ந்தது, 2001இல் ஓய்வு பெற்றது, 2002 முதல் ராமகிருஷ்ணா கடற்கரை மணலில் அருங்காட்சியகமாக இருக்கிறது. 91 மீட்டர் நீளம். உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அகல லென்ஸ் எடுத்துப்போங்கள். ஃபிளாஷ் போட்டால் குழாய்களும் பித்தளை வால்வுகளும் பளீரென்று திருப்பி அடிக்கும், ஐஎஸ்ஓ 1600 வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பது மேல்.

விமானக் காட்சிக்கு ஒரே ஒரு விதி. ஜெட் விமானமென்றால் ஷட்டர் 1/1000 நொடிக்கு மேல். ஹெலிகாப்டரும் விசிறி விமானமும் என்றால் 1/200 சுற்றுவட்டாரத்துக்கு இறக்குங்கள்; இல்லையேல் விசிறி உறைந்துபோய் விமானம் நூலில் தொங்கும் பொம்மை மாதிரி இருக்கும். இடுப்பைத் திருப்பி விமானத்தோடு கூடவே கேமராவை ஓட்டுங்கள். அழுத்திய பிறகும் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். பெங்களூரு யெலகங்காவின் ஏரோ இந்தியா 1996 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. வெயிலை மட்டும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் நடந்த விமானக் காட்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். தொப்பி, தண்ணீர், கூட்டம் கலைவதற்கு முன்பே கிளம்பும் புத்தி, மூன்றும் லென்ஸைவிட முக்கியம்.

எங்கே கேமராவை மூட வேண்டும்

அருங்காட்சியகத்தில் நிற்பது வேறு, பணியில் இருப்பது வேறு. ராணுவ முகாம், கப்பல்தளம், படைவண்டிகளின் நடமாட்டம் இவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது; ‘பொழுதுபோக்குக்காக எடுத்தேன்’ என்பது அங்கே பதிலாகாது. ஒருமுறை முகாம் ஒன்றின் வாசலில் அழகுக்கு வைத்திருந்த பழைய பீரங்கியை எடுத்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு நின்ற சிப்பாய் வந்தார். “சார், பீரங்கிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன். கேட், காவல் கூண்டு, காவல் மாறும் ஆட்கள். அவர் முன்னாலேயே அழித்தேன். படத்தில் பின்னணி என்று நாம் நினைப்பதுதான் அவர்களுக்கு விஷயம்.

புனித ஜார்ஜ் கோட்டையில் அருங்காட்சியகம் இருக்கிறது, தலைமைச் செயலகமும் ராணுவப் பகுதியும் இருக்கின்றன. எங்கே எடுக்கலாம் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் விரிப்பதற்கு முன்னால் அனுமதி கேளுங்கள். ட்ரோனுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் உண்டு, சிவப்பு மண்டலங்களில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கவிடவே கூடாது. ராணுவச் சீருடை மாதிரி உடை போட்டுக்கொண்டு படமெடுக்கக் கிளம்புவதையும் தவிருங்கள்.

சாப்பாட்டு மேசைப் போர்க்களம்

மழைக்காலத்தில் என்ன செய்வது? பொம்மை வீரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் டேவிட் லெவிந்தால் பொம்மை வீரர்களை வைத்தே இரண்டாம் உலகப்போரின் கிழக்குப் போர்முனையைப் படமாக்கி, கேரி ட்ரூடோவோடு சேர்ந்து 1977இல் ஒரு புத்தகமாகவே போட்டார். 1/35 அளவில் ஒரு வீரன் சுமார் 5 செ.மீ. இருப்பான், 1/72 அளவில் இரண்டரை செ.மீ. கூட வராது. கேமரா அவன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் பொம்மை, கண்ணுக்கு நேரே எடுத்தால் ஆள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மேசையைத் தொட்டு நிற்கும். பெரிய கேமராவென்றால் எஃப் 11 அல்லது 16 வைத்து ஃபோகஸின் ஆழத்தைக் கூட்டுங்கள்.

மைதா மாவு பனியாகும். சலித்த செம்மண் புழுதியாகும். ஊதுபத்தி இரண்டைக் கொளுத்தி மேசைக்குக் கீழே வைத்தால் புகை. மின்விசிறியை நிறுத்த மறந்தால் புகையும் இல்லை, பனியும் இல்லை, வீட்டில் நிம்மதியும் இல்லை. விளக்கு ஒன்றே ஒன்று போதும், பக்கவாட்டில், தாழ்வாக. விடியல் அதுதான்.

எடுத்த படத்தின் அடியில் ‘பொம்மைகள்’ என்று எழுதிவிடுங்கள். கிரிமியப் போர்க்களத்தில் 1855இல் ரோஜர் ஃபென்டன் ஒரே பாதையை இரண்டு தடவை எடுத்தார்: ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் பள்ளத்தில் மட்டும், இன்னொன்றில் பாதை நெடுகக் குண்டுகள். யாரோ உருட்டி வைத்திருக்கிறார்கள் என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. நம் காலத்தில் ஆர்மா 3 என்ற விளையாட்டின் காட்சிகளை நிஜப்போர் என்று பலரும் பரப்பியதால், 2022இல் அதைத் தயாரித்த நிறுவனமே போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்க வேண்டிவந்தது. நம் ஊதுபத்திப் புகை யாருடைய குடும்பக் குழுவிலும் எல்லைச் செய்தியாகிவிடக்கூடாது.

செஞ்சியை வரைந்து ஆடுதல்

வெஸ்நாத்தோடு வரைபடம் வரையும் கருவியும் சேர்ந்தே வருகிறது. எடுத்த படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு செஞ்சியைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். குன்றுக்கு மலைக்கட்டம், மதிலுக்குக் கோட்டைக்கட்டம், அகழிக்குத் தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நான் வரைந்து முடித்ததும் என் மகன் சுல்பிகர் கான் ஆனான், நான் ராஜாராம். எட்டு வருடம் தாங்கிய கோட்டை, பதினான்காவது முறையில் விழுந்துவிட்டது. ராஜகிரி உச்சிக்கு அவன் ஆட்கள் ஊர்வலம் மாதிரி நடந்து ஏறினார்கள். “அப்பா, நடுவுல ஏதோ பள்ளம் இருக்குன்னீங்களே?” என்றான். வரைபடத்தில் பள்ளம் இல்லை. படங்களைப் புரட்டினேன். அன்றைக்கு உச்சிக்குப் போகும் அவசரத்தில் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டிருக்கிறேன். பதினோரு படத்தில் ஒன்றில்கூட அது இல்லை.

வரும் மார்கழியில் மறுபடி ஏற வேண்டும். இந்தமுறை அவனும் வருகிறான், பாலத்தில் நிற்க ஆள் வேண்டுமே.